ஓராட்டம் உரைகல் ஆகுமா?

ஆட்டக்களத்தில் வென்றவனை வாழ்த்துவதும் தோற்றவனைத் தேற்றுவதும் பண்பட்ட மக்களின் இயல்பு. ஆயின், அன்று வென்றவன் அன்று தோற்றவனினும் திறமையில் மேம்பட்டவன் என்று அந்த ஒரு முடிவை மட்டும் கொண்டு துணியலாமா என்னும் வினாவை நம்மவர் பெரும்பாலும் எழுப்புவதில்லை. யாரேனும் எழுப்பினால், தோற்றவனுக்குச் சாக்குத் தேடுகிறார் என்றே கொள்ளப்படுகிறது. உண்மையில் இவ்வினா சான்றைப் பற்றியது. ஒரு நூலின் காலத்தை அதில் பயிலும் ஒரே ஒரு சொல்லைக் கொண்டு வரையறுத்து ஒரு மாணவர் கட்டுரை எழுதிக் கொடுத்தால் நம் துறை ஆசிரியர்கள் ஏற்பார்களா? "வேறு சான்று எங்கே?" என்றுதான் கேட்பார்கள். ஏட்டில் கேட்கும் அக்கேள்வியை ஆட்டக்களத்திலும் கேட்க வேண்டும் என்பதே நம் கருத்து. தமிழ்த்துறை மலரில் புள்ளியியலுக்கு என்ன வேலை என்று புருவம் உயர்த்துவோர்க்கும் இதுவே நம் விடை.

2024 நவம்பர் 25 முதல் டிசம்பர் 12 வரை சிங்கப்பூரில் நடைபெற்ற உலகச் சதுரங்க வெற்றியாளர் போட்டியைத் தமிழகமே கண்ணிமையாது கவனித்தது. சென்னையைச் சேர்ந்த பதினெட்டு வயது குகேஷ், சீனத்தின் டிங் லிரெனை 7½ – 6½ என்னும் புள்ளிக் கணக்கில் வென்று உலகப் பட்டம் பெற்றார். ஆடப்பெற்றவை பதினான்கு ஆட்டங்கள். முதல் ஆட்டத்தையும் பன்னிரண்டாம் ஆட்டத்தையும் டிங் வென்றார். மூன்று, பதினொன்று, பதினான்கு ஆகியவற்றைக் குகேஷ் வென்றார். எஞ்சிய ஒன்பதும் சமநிலை. கடைசி ஆட்டமும் சமநிலையை நோக்கியே சென்றுகொண்டிருந்த வேளையில், தம் 55ஆம் நகர்த்தலில் டிங் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார், பட்டம் கைமாறியது.

உடனே இரு முகாம்கள் எழுந்தன. உலகத்திலேயே சிறந்த ஆட்டக்காரர் யார் என்பது ஐயந்திரிபற நிறுவப்பட்டுவிட்டது என்றனர் ஒரு சாரார். ஒரு தவற்றினால் கிடைத்த வெற்றிக்கு இத்துணை ஆரவாரமா என்றனர் மறுசாரார். முன்னாள் உலக வெற்றியாளரான கிராம்னிக்கே ஆட்டத்தின் தரத்தைக் குறைத்துப் பேசினார். இவ்விரு சாராரும் எதிரெதிர் நிற்பதாகத் தோன்றினும் செய்யும் பிழை ஒன்றே என்பது நம் துணிபு. பதினான்கு ஆட்டங்கள் சொல்ல இயலாத செய்தியை, அவை சொல்லிவிட்டதாக இருவரும் எண்ணிக்கொள்கின்றனர்.

எப்படி என்று பார்ப்போம். இருவரும் திறமையில் முற்றிலும் சமமானவர்கள் என்று ஒரு பேச்சுக்காக வைத்துக்கொள்வோம். சமநிலை ஆட்டங்களை ஒதுக்கிவிட்டால், முடிவு கண்டவை ஐந்து. சமமானவர்கள் ஆடும் ஆட்டத்தில் வெற்றி யார் பக்கம் விழும் என்பது நாணயத்தைச் சுண்டுவதற்கு ஒப்பாகும். நாணயத்தை ஐந்து முறை சுண்டினால் பூவோ தலையோ மூன்று முறையேனும் விழுந்தே தீரும். ஐந்து ஒற்றைப்படை எண் ஆதலின் வேறு வழியே இல்லை. ஆக, 3 – 2 என்னும் முடிவு, ஒருவர் மற்றவரினும் வல்லவர் என்பதற்கு எவ்விதச் சான்றும் ஆகாது. இருவரும் சமமாகவே இருப்பினும் அம்முடிவோ அதனினும் ஏற்றத்தாழ்வான முடிவோ நூற்றுக்கு நூறு நிகழத்தான் செய்யும்.

புள்ளியியலார் இத்தகைய ஆராய்ச்சியை மிகைகாண் சோதனை என்பர். கண்ட வேறுபாடு தற்செயலாகவே விளைந்திருக்கக் கூடுமா, அன்றித் தற்செயலுக்கு மிஞ்சியதா என்று காண்பது அது. இங்கிலாந்தின் ரொனால்டு ஃபிஷர் 1935இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஓர் இனிய எடுத்துக்காட்டு உண்டு. கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்பதைச் சுவைத்தே சொல்வேன் என்றார் ஓர் அம்மையார். எட்டுக் கோப்பைகளில் நான்கை ஒரு வகையாகவும் நான்கை மறு வகையாகவும் கலந்து, வரிசை தெரியாமல் மாற்றி வைத்து, அவரிடம் கொடுப்பதாக வைத்துக்கொண்டார் ஃபிஷர். நா அறியாமல் வெறும் ஊகத்தாலேயே எட்டையும் சரியாகச் சொல்ல 70இல் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. ஆதலால் எட்டையும் சரியாகச் சொன்னால் அம்மையாரின் நாவை நம்பலாம். இருபதில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்புடைய முடிவையே தற்செயலுக்கு மிஞ்சியது என ஏற்பது என்னும் வழக்கம் ஃபிஷராலேயே பரவிற்று. அது வானத்திலிருந்து இறங்கிய எல்லையன்று. ஆய்வாளர்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட வேலி. அவ்வளவே.

இந்த வேலியை நம் தலைநகரில் நடந்த மற்றொரு போட்டிக்கும் இட்டுப் பார்க்கலாம். 2013 நவம்பரில் சென்னையில் விசுவநாதன் ஆனந்த் தம் பட்டத்தை நார்வேயின் கார்ல்சனிடம் இழந்தார். பத்து ஆட்டங்களில் கார்ல்சன் மூன்றை வென்றார், ஆனந்த் ஒன்றையும் வெல்லவில்லை, ஏழு சமநிலை. அன்று நம் வீடுகளில் நிலவிய சோர்வை மூத்தோர் நினைவுகூர்வர். "ஒருதலைப்பட்சமான தோல்வி" என்றன ஏடுகள். ஆயின் சமமான இருவர் ஆடினும், முடிவு கண்ட மூன்றையும் ஒருவரே வென்றுவிட நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. மறு ஆண்டு சோச்சியில் நடந்த போட்டியையும் சேர்த்தால் கார்ல்சனுக்கு ஆறு வெற்றி, ஆனந்துக்கு ஒன்று. அப்பொழுதும் வாய்ப்பு எட்டில் ஒன்றாகவே நிற்கிறது. இருபதில் ஒன்று என்னும் வேலியைத் தாண்டவில்லை.

அவ்வாறாயின் 2013இல் கார்ல்சன் ஆனந்தினும் வல்லவர் அல்லரோ எனில், வல்லவரே. ஆனால் அதை நமக்குச் சொன்னது சென்னைப் போட்டியன்று. அதற்கு முன்னர்ப் பல ஆண்டுகளாக இருவரும் உலகெங்கும் பலரோடு ஆடிய நூற்றுக்கணக்கான ஆட்டங்கள். அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராயிருந்த அர்பாத் ஈலோ வகுத்து, 1970இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட தரப்புள்ளி முறை, அவ்வாட்டங்களையெல்லாம் ஓர் எண்ணாகத் திரட்டித் தருகிறது. 2013 நவம்பரில் கார்ல்சனின் எண் 2870. ஆனந்தின் எண் 2775. இவ்விடைவெளிக்கு ஈலோ கணக்கின்படி பத்து ஆட்டங்களில் கார்ல்சன் 6.3 புள்ளி பெற வேண்டும். அவர் பெற்றது 6½. சென்னைப் போட்டி புதிதாக எதையும் கூறவில்லை. உலகம் முன்னரே அறிந்திருந்ததற்கு ஒத்து நடந்தது. குகேஷின் நிலையும் இதுவே. சிங்கப்பூருக்குச் செல்கையில் அவர் எண் 2783, டிங்கின் எண் 2728. பதினான்கு ஆட்டங்களில் குகேஷிடம் எதிர்பார்க்கத்தக்கது ஏறத்தாழ 8.1 புள்ளி, கிட்டியது 7½. ஆகவே, "நிறுவிவிட்டார்" என்று குதிப்பதற்கும் இடமில்லை. "நல்லூழ்" என்று இகழ்வதற்கும் இடமில்லை.

குகேஷின் ஆற்றலுக்கு வலிய சான்று வேண்டுவோர் 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த 44ஆம் சதுரங்க ஒலிம்பியாடைப் பார்க்கலாம். இந்தியாவின் இரண்டாம் அணியில் முதற் பலகையில் அமர்ந்து முதல் எட்டு ஆட்டங்களையும் அவர் தொடர்ந்து வென்றார். எட்டாவதாக வீழ்ந்தவர் அமெரிக்காவின் கருவானா. ஒவ்வோர் ஆட்டத்திலும் வெற்றி தோல்வி சரிபாதி என்று கொண்டாலும், எட்டையும் வெல்ல 256இல் ஒரு வாய்ப்புத்தான். சமநிலைக்கும் இடமுண்டு என்பதை நினைத்தால் அதுவும் குறையும். எதிரிகள் அனைவரும் அவருக்கு நிகரானவர் அல்லர் என்பது மெய்யே. இருப்பினும் ஆராய்ச்சியாளன் நிமிர்ந்து உட்கார வேண்டிய இடம் சிங்கப்பூரன்று, மாமல்லபுரமே. ஆனால் நாம் கொண்டாடியது எதை?

பட்டம் வேறு, அளவீடு வேறு என்பதை ஈண்டு வற்புறுத்த விரும்புகிறோம். பதினான்கு ஆட்டங்களில் முந்தியவருக்கே பட்டம் என்பது முன்கூட்டியே இருவரும் ஒப்புக்கொண்ட விதி. விதிப்படி பெற்ற பட்டத்தில் எவர்க்கும் குறைசொல்ல உரிமையில்லை. குகேஷ் உலக வெற்றியாளர் ஆனது முழு நியாயம். ஆனால் விதி அளித்த பட்டத்தையே திறமையை அளந்த கோலாகவும் கொள்ளும்போதுதான் கணக்கு இடறுகிறது. கார்ப்போவும் காஸ்பரோவும் 1984 முதல் 1990 வரை ஐந்து உலகப் பட்டப் போட்டிகளில் எதிரெதிர் அமர்ந்து 144 ஆட்டங்கள் ஆடினர். முதற்போட்டி 48 ஆட்டங்கள் நீண்டு, முடிவு காணாமலேயே 1985 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. ஐந்திலும் சேர்த்துக் காஸ்பரோவ் வென்றவை 21, கார்ப்போவ் வென்றவை 19, சமநிலை 104. ஆறாண்டு முயன்றும் அவ்விருவருள் வல்லவர் யார் என்று அப்பலகைகள் சொல்லவில்லை. பட்டமோ 1985 முதல் காஸ்பரோவிடமே இருந்தது. 1987இல் செவில் நகரில் கடைசி ஆட்டத்தை வென்று 12 – 12 எனச் சமன் செய்துதான் அவர் அதைக் காத்துக்கொண்டார்.

இச்சிந்தனை மேலைநாட்டார்க்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டுச் சதுரங்கம் பாரசீகம் சென்று, அங்கிருந்து அரபு நாடுகளை அடைந்து 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று. (சதுரங்கம் ஆடுவது ஆகுமா ஆகாதா என்னும் மார்க்க அறிஞர்களின் விவாதத்துள் நாம் புகவில்லை, வரலாற்றை மட்டுமே கூறுகிறோம்.) அப்பாசியக் கலீபாக்களின் காலத்தில் ஆட்டக்காரர்களைத் தரம் பிரித்து வைத்திருந்தனர். தலைநிலையில் இருந்தோர் 'ஆலியாத்' எனப்பட்டனர். அல்-அத்லீ, அஸ்-ஸூலீ போன்ற ஓரிருவரே ஒவ்வொரு காலத்திலும் அந்நிலையில் இருந்தனர். தலைநிலையாரோடு பத்து ஆட்டம் ஆடினால் இரண்டு முதல் நான்கு வரை வெல்லக்கூடியவர் அடுத்த நிலையினர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையான இவ்வளவையில் நம்மை வியக்க வைப்பது 'பத்து' என்னும் சொல். ஓர் ஆட்டம் போதாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். பத்தும் போதாது என்பதை இன்றைய கணக்கு காட்டுகிறது: முற்றிலும் சமமான இருவர் பத்து ஆட்டம் ஆடினால், குறிப்பிட்ட ஒருவர் நான்கோ அதற்கும் குறைவாகவோ வெல்ல 1024இல் 386 வாய்ப்புகள் உண்டு. நூற்றுக்கு ஏறத்தாழ 38. பக்தாதின் தலைநிலையாளர் பலர் ஒரு கெட்ட நாளில் ஒருபடி கீழிறங்கியிருக்கக் கூடும்! எனினும் பத்தை நாடிய அவர்கள் எங்கே, ஒன்றோடு திருப்தியடையும் நாம் எங்கே?

அப்படியானால் எத்தனை ஆட்டம்தான் வேண்டும்? வேறுபாடு எவ்வளவு என்பதைப் பொறுத்தது அது. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடாயின் ஆறு ஆட்டங்களை ஒருவரே வெல்வது போதும். சமமானவர்களிடையே அது 32இல் ஒருமுறைதான் நிகழும். ஐந்துக்கு ஐந்து என்றால் 16இல் ஒன்று, போதாது. ஆனால் நூற்றுக்கு 55 வெல்லக்கூடியவன், 45 வெல்பவன் என்னும் நுண்ணிய வேறுபாட்டைக் காட்ட, சமநிலையில்லாத ஆட்டமாயின், நானூறு ஆட்டங்கள் வரை தேவைப்படும். பிழையின் அளவு ஆட்ட எண்ணிக்கையின் வர்க்கமூலத்திற்கு ஏற்பவே குறைவதால், பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட வேண்டும். 'ஸ்டாக்ஃபிஷ்' என்னும் சதுரங்கக் கணினி நிரலைச் செப்பம் செய்வோர், ஒரு சிறு திருத்தம் நன்மை தருகிறதா என்று காண, 2013 முதல் தன்னார்வலர்களின் கணினிகளில் பல்லாயிரம் ஆட்டங்களை ஆடவிட்டுப் பார்த்தே முடிவு செய்கின்றனர். பொறிக்கு நாம் காட்டும் நியாயம் இது.

அவர்கள் கையாளும் முறைக்கு வித்திட்டவர் ஆபிரகாம் வால்டு. எத்தனை ஆட்டம் என்று முன்கூட்டி வரையறுக்காமல், ஒவ்வொரு முடிவும் வர வர எடைபோட்டு, சான்று போதுமான அளவு திரண்டவுடன் நிறுத்தும் தொடர் ஆய்வு முறையை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அவர் வகுத்தார். நம் நாட்டுக்குச் சொற்பொழிவாற்ற வந்திருந்த அவரும் அவர் துணைவியாரும் 1950 டிசம்பர் 13 அன்று நீலகிரி மலையில் விமானம் மோதி உயிர் நீத்தனர். தமிழ் மண்ணில் மறைந்த அம்மேதையின் பெயரை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்? அவர் முறையின் உயிர்நாடி, நிறுத்தும் எல்லையை முதலிலேயே வகுத்துக்கொள்வது. விடுதியில் கேரம் ஆடும் நம் பிள்ளைகள் இதற்கு நேர்மாறு: தோற்கும் வரை "இன்னும் ஒரு போர்டு" என்பர், முந்தியவுடன் "மணியாகிவிட்டது" என்று எழுந்துவிடுவர். இவ்வாறு நிறுத்தினால் யார் வேண்டுமானாலும் என்றேனும் ஒருநாள் வீரராகலாம்.

பின்னோக்கிப் பார்த்துத் தொடர்ச்சிகளைப் பொறுக்கியெடுப்பதும் இதனோடு ஒத்த குற்றமே. 2023 நவம்பர் 19இல் அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டம் தொடங்கி 2025 மார்ச் 9இல் துபாயில் நடந்த சாம்பியன்ஸ் கோப்பை இறுதியாட்டம் வரை, இந்திய அணி ஒருநாள் போட்டிகளில் தொடர்ந்து பதினைந்து முறை டாஸ் இழந்தது. 32,768இல் ஒரு வாய்ப்பு என்று கூறி, அணித்தலைவரின் ராசி முதல் கைவாகு வரை தேநீர்க்கடைகளில் ஆராய்ந்தார்கள். எண்ணத் தொடங்கும் இடத்தைப் பின்னர்த் தேர்ந்துகொண்டு, பல நாட்டு அணிகள் பல்லாண்டு ஆடியவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டினால் அவ்வெண்ணுக்கு அப்பொருள் இல்லை. அந்தச் சாம்பியன்ஸ் கோப்பையின் ஐந்து ஆட்டங்களிலும் டாஸ் இழந்த இந்தியா ஐந்திலும் வென்று கோப்பையையும் வென்றது என்பதைச் சேர்த்துச் சொன்னவர் குறைவு. அகமதாபாத் இறுதியாட்டத்தையே எடுத்துக்கொண்டாலும், பத்து ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று வந்த அணி ஒருநாள் தோற்றது. அதே ஆஸ்திரேலியாவை அதே தொடரில், அக்டோபர் 8 அன்று, சேப்பாக்கத்தில் இந்தியா ஆறு விக்கெட்டில் வென்றிருந்தது. அகமதாபாத்தில் ஆஸ்திரேலியா வென்றதும் ஆறு விக்கெட்டில். ஒன்றுக்கு ஒன்று!

இத்துணையும் உலக அரங்கைப் பற்றியன. உலக வீரர்க்கு நம் தீர்ப்பால் வருவதும் இல்லை, போவதும் இல்லை. நாம் எழுத முற்பட்டது நம் ஊர்ப் பிள்ளைகளைக் கருதியே.

வேலூர், மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றை ஒட்டிய நம் ஊர்களில் தோல் தொழில் அறியாத குடும்பம் அரிது. ஒரு கட்டுத் தோலை விலைபேச வரும் அனுபவசாலி மேலே கிடக்கும் ஒரு தோலைத் தொட்டுவிட்டுத் தரம் கூறுவாரா? அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் பலவற்றை உருவி எடுப்பார், வெளிச்சத்தில் விரிப்பார், கத்தி பட்ட இடம், தழும்பு, கனம் எல்லாவற்றையும் பார்ப்பார். ஓர் ஆட்டின் தோலுக்கும் மற்றோர் ஆட்டின் தோலுக்கும் வேறுபாடு உண்டு என்பதும், ஒரே தோலிலும் முதுகுக்கும் வயிற்றுக்கும் வேறுபாடு உண்டு என்பதும் அவர் பட்டறிவு. எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளியும் அறிந்த இந்தப் புள்ளியியலை, படித்த நாம் மாணவரைத் தெரிவு செய்யும்போது மறந்துவிடுகிறோம்.

கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் அணித்தேர்வு எவ்வாறு நடைபெறுகிறது? பல்கலைக்கழகப் போட்டிக்குப் பெயர் அனுப்ப வேண்டிய நாள் நெருங்கியபின் ஒரு மாலைப்பொழுதில் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்படுகிறது. வந்தவர்களை இணை இணையாக ஆடவிட்டு, தோற்றவரை வீட்டுக்கு அனுப்பும் முறையில் மறுநாள் மாலைக்குள் பட்டியல் ஆயத்தமாகிவிடுகிறது. பதினாறு பேர் வந்தால் எட்டுப் பேர் ஒரே ஓர் ஆட்டத்தோடு வெளியேறுகின்றனர். இதில் எத்துணைப் பிழை நேரும்? ஒருவன் மற்றவனைவிடத் தெளிவாகவே வல்லவன், பத்துக்கு ஆறு வெல்லக்கூடியவன் என்று கொள்வோம். ஓர் ஆட்டத்தில் நூற்றுக்கு 40 முறை வல்லவனே வெளியேறுவான். மூன்றில் இரண்டு என்றால் 35 முறை. ஐந்தில் மூன்று என்றால் 32 முறை. ஒன்பதில் ஐந்து என்றாலும் 27 முறை. ஆட்டம் கூடக் கூடப் பிழை குறைகிறது. எவ்வளவு மெல்லக் குறைகிறது என்பதையும் நோக்க வேண்டும்.

கபடியும் கூடைப்பந்தும் இத்துணைக் கொடியவை அல்ல. ஒரே ஆட்டத்துக்குள் பல பத்துப் புள்ளிகள் விளைவதால் ஓராட்டமே பல சிறு ஆட்டங்களுக்கு ஒப்பாகிறது. கால்பந்தில் ஒன்றோ இரண்டோ கோல். ஆகவே தற்செயலின் ஆட்சி அங்கே மிகுதி. சதுரங்கத்தில் நான்கு மணி நேரம் ஆடினாலும் கிடைக்கும் சான்று ஒன்றே. எல்லா ஆட்டத்துக்கும் ஒரே வகைத் தேர்வு வைப்பது இதனாலேயே பொருந்தாது.

இப்பிழை எல்லார் தலையிலும் சமமாக விழுவதில்லை என்பதே நம்மை வருத்துகிறது. வசதியுள்ள இல்லத்துப் பிள்ளை சென்னைக்கும் பெங்களூருக்கும் சென்று ஆண்டுக்குப் பத்துப் போட்டிகளில் ஆடுகிறான். ஒன்றில் சறுக்கினால் மற்றொன்றில் எழுகிறான். அவன் உண்மையான தரம் ஆட்டங்களின் பெருக்கத்தில் தானே வெளிப்பட்டுவிடும். கிட்டும் சான்றிதழ்களோ பின்னர் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக் கதவைத் திறக்கும். தந்தை தோல் பதனிடும் சாலையிலும் தாய் ஷூ கம்பெனியிலும் உழைக்க, பயணப்படிக்கும் நுழைவுக்கட்டணத்துக்கும் வழியற்ற பிள்ளைக்கு ஆண்டில் கிடைப்பது அந்த ஒரே மாலைப்பொழுது, ஒரே ஆட்டம். அன்று அவனுக்குக் காய்ச்சல் இருந்திருக்கலாம். எதிரி அன்றைக்கென்று பிழையின்றி ஆடியிருக்கலாம். வசதியுள்ளவனைத் திறமை தீர்ப்பிடுகிறது. வறியவனைத் தற்செயல் தீர்ப்பிடுகிறது. பிறகு, "வாய்ப்புக் கொடுத்தோம், அவன் தேறவில்லை" என்று நாம் மனநிறைவு கொள்கிறோம். மாணவியர் நிலை இதனினும் இரங்கத்தக்கது. வெளியூர் சென்று ஆட இல்லத்தார் இசைவு பெறுவதே அவர்களுட் பலர்க்குப் பெரும் போட்டியாக இருக்கையில், உள்ளூரில் கிடைக்கும் ஓர் ஆட்டமும் ஒன்றோடு முடிந்துவிடுகிறது.

சான்று போதவில்லை என்பதால் எல்லாரும் சமம் என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளலாகாது. வேறுபாடு உண்டு என்று காட்டப்படவில்லை என்பது ஒன்று. வேறுபாடே இல்லை என்று காட்டப்பட்டது என்பது மற்றொன்று. முன்னதைச் சொல்லிப் பின்னதைச் சாதிப்போரும் உளர். பலமுறை தோற்றும் பயிற்சியை நாடாதவர் புள்ளியியலைக் கேடயமாக்கிக்கொள்வதை நாம் ஒப்பவில்லை.

காலம் இல்லை, ஆசிரியர் இல்லை, பலகைகள் இல்லை என்று உடற்கல்வித்துறையினர் கூறக்கூடும். அவர்கள் இடர்ப்பாடு மெய்யானது. பதினாறு பேர் ஒவ்வொருவரும் மற்ற அனைவருடனும் ஆட வேண்டுமெனில் 120 ஆட்டங்கள் ஆகும், அது இயலாது. ஆனால் எவரையும் வெளியேற்றாமல், ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ ஒத்த புள்ளியுடையோரை இணைக்கும் சுவிஸ் முறையில் ஆறு சுற்றுகள் நடத்தினால் 48 ஆட்டங்களே. எட்டுப் பலகைகள் போதும். வாரம் ஒரு சுற்று என்றால் ஒன்றரைத் திங்களில் முடியும். ஒவ்வொருவர்க்கும் ஆறு ஆட்டம் கிட்டும். ஆறும் குறைவே என்பதை மேலே கண்டோம். ஆகவே ஆண்டு முழுவதும் ஆடும் ஆட்டங்களை, பயிற்சி ஆட்டங்கள் உட்பட, ஒரு நோட்டில் பதிந்து வருவது இன்றியமையாதது. யார் யாருடன் ஆடினர், எந்நாள், முடிவு என்ன: இவ்வளவு போதும். ஈலோவின் கணக்கைப் போட நம் கணிதத்துறை மாணவர் இருவர் முன்வந்தால் அவர்க்கும் அது நல்ல பயிற்சி.

எல்லாம் பார்த்தபின்னும் கடைசி இடத்துக்கு இருவர் போட்டியிட, அவர்களிடையே வேறுபாடு காணச் சான்று இல்லையெனில் என் செய்வது? முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) கூறும் குடவோலை முறையை நம் மாணவர் அனைவரும் அறிவர். நிலம், மனை, கல்வி, வயது, ஒழுக்கம் எனத் தகுதிகளை முதலில் வரையறுத்து, தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். தகுதியை ஆராயும் இடத்தில் ஆராய்ந்தனர். ஆராய்ச்சி ஓய்ந்த இடத்தில் தற்செயலைத் தற்செயல் என்றே பெயரிட்டு அழைத்தனர். ஓலையில் பெயர் வராதவரை எவரும் தகுதியற்றவர் என்று இகழ்ந்திருக்க முடியாது. நாமோ ஓர் ஆட்டம் என்னும் குடத்துள் கைவிட்டு எடுத்துவிட்டு, எடுத்தது தகுதியென்றும் விடுபட்டது தகுதியின்மையென்றும் பறைசாற்றுகிறோம். கடைசி இடத்துக்குச் சீட்டுக் குலுக்கிப் போடுவது ஒரு மாணவனுக்கு ஏமாற்றம் தரலாம். "நீ தேறமாட்டாய்" என்னும் சொல் தரும் காயத்தைத் தராது.

நோட்டு ஒன்றின் விலை சில பத்து ரூபாய்தான். இக்கல்வியாண்டின் விளையாட்டு விழா முடிந்த மறுவாரமே அதைத் தொடங்கி, வாரத்துக்கு ஓர் ஆட்டம் என்று பதிந்து வந்தால், அடுத்த ஆண்டு அணித்தேர்வுக்குத் தாள் ஒட்டப்படும் நாளில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே முப்பது ஆட்டங்களேனும் எழுதப்பட்டிருக்கும்.